கப்பலுக்கும் கரைக்கும் நடுவில்: முல்லைத்தீவுக் கரையின் தெப்பமும் நமது கடல் வரலாறும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுகின்ற எவரும் கடலில் இருந்தே தொடங்குகின்றனர். அறபு வணிகர், பருவக்காற்று, மரக்கலம், மரைக்காயர், பேருவளை, புத்தளம், மன்னார், அக்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை என்று அந்தப் பட்டியல் நீளும். தொடக்கம் பிழையில்லை. ஆனால் நமது கட்டுரைகளில் கப்பல் நங்கூரம் இட்டதும் அடுத்த வரியிலேயே வணிகர் கரையில் கடை விரித்து விடுகிறார். நங்கூரம் இட்ட இடத்துக்கும் கடை விரித்த இடத்துக்கும் நடுவில் அரை மைல் கடல் கிடக்கிறது. அந்த அரை மைலில்தான் அலை உடைகிறது. ஆளையும் பொதியையும் அதற்கூடாகக் கொண்டுவந்து சேர்த்தவர் யார்? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

துறைமுகம் உள்ள இடத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு வேலை இல்லை. திருகோணமலைக்குள் நுழைந்த கப்பல் அலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. துறைமுகம் இல்லாத கரையில்தான் இதன் முழுப் பாரமும் தெரியும். அப்படியான ஒரு கரை முள்ளிவாய்க்கால். இன்று அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோர் மனத்திலும் எழுவது 2009. அந்த 2009ஐயும் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பதே எனது எண்ணம். முதலில் கரையைப் பார்ப்போம்.

கோட்டை இருந்தது, துறைமுகம் இருக்கவில்லை

முல்லைத்தீவு நகரிலிருந்து பரந்தன் வீதியால் போனால் வட்டுவாகல் பாலம் வரும். அதைக் கடந்ததும் முள்ளிவாய்க்கால். மேற்கே நந்திக்கடல், கிழக்கே பெருங்கடல், இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். நந்திக்கடல் ஆழமில்லாத களப்பு. மரக்கோல் ஊன்றியே தோணியைக் கொண்டுபோகலாம், இறால் பிடிக்கலாம். கிழக்குப் பக்கம் அப்படியில்லை. அங்கே வங்கக் கடலை மறிக்கத் தீவும் இல்லை, குடாவும் இல்லை. நீண்டு கிடக்கும் மணற்கரையில் அலை நேரே வந்து மோதும்.

பருத்தித்துறைக் கரைக்கு முன்னால் கற்பார் இருக்கிறது. யாழ்ப்பாணக் கடனீரேரியைத் தீவுகள் காக்கின்றன. முல்லைத்தீவுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. ஒல்லாந்தர் இங்கே கோட்டை வைத்திருந்தனர், ஆங்கிலேயரும் அதில் படை நிறுத்தினர், 1803இல் பண்டாரவன்னியன் அதைத் தாக்கிக் கைப்பற்றிய செய்தியைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். கோட்டை கட்ட முடிந்தவர்களாலும் இங்கே கப்பலைக் கரையோடு அணைக்க முடியவில்லை.

இந்தக் கரையின் ஆண்டைக் காற்றே பங்கு பிரிக்கிறது. கார்த்திகையில் வாடை எழுந்தால் தை, மாசி வரைக்கும் கடல் கொந்தளிப்புத்தான். சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். அதே மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும். அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் பருவத்துக்குப் பருவம் கொக்கிளாய், நாயாறு வரை வந்து வாடி அடித்துத் தொழில் செய்தனர். காற்றைக் கணக்கிட்டு வந்த அறபு வணிகரின் அறிவும், காற்றைக் கணக்கிட்டு வாடி மாற்றிய மீனவரின் அறிவும் வேறுவேறல்ல. ஒன்றைப் புத்தகத்தில் எழுதினோம், மற்றதை எழுதவில்லை.

கட்டும் மரம்

இந்தக் கரைக்கென்றே அமைந்த கலம் கட்டுமரம். இங்குள்ளவர்கள் தெப்பம் என்பார்கள். சங்க நூல்களில் நாவாய், வங்கம், கலம் என்று பெரிய மரக்கலங்களுக்குப் பெயர்கள் உண்டு. திமில், அம்பி, பஃறி என்று சிறியவற்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நெய்தல் நிலத்துப் பரதவர் மீன் வேட்டைக்குப் போனது திமிலில். பெரியது ஒரு தொழில், சிறியது வேறொரு தொழில் என்ற தெளிவு தமிழில் அன்றே இருந்திருக்கிறது.

கட்டுமரம் என்ற சொல்லை இலக்கண வகுப்பில் வினைத்தொகை என்று படிப்பிக்கலாம். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலத்துக்கும் அது விரியும். இந்தக் கலத்துக்கு அந்த விரிவு அப்படியே பொருந்தும். கனமில்லாத மரங்கள் மூன்று முதல் ஐந்து வரை எடுத்து, முன்பக்கம் சீவி, நடுமரம் சற்றுத் தாழ்வாகவும் ஓரமரங்கள் உயர்வாகவும் வைத்துத் தும்புக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். ஆணி கிடையாது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் காயப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் பாரமாகிவிடும் என்பதே காரணம். மறுநாள் திரும்பவும் கட்டுவார்கள். நேற்றுக் கட்டியது, இன்று கட்டுவது, நாளை கட்டப் போவது எல்லாம் ஒன்றேதான்.

இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் பக்கமிதவை பூட்டிய ஒருவ ஓடியது. வடக்கிலும் கிழக்கிலும் கட்டுமரம் ஓடியது. கடல் உயிரியலாளராகவும் பின்னர் சென்னை மாகாண மீன்பிடித்துறைப் பணிப்பாளராகவும் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றியும் 1943இல் இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். கட்டுமரத்தைப் பழங்குடிகளின் விளையாட்டுப் பொருளாக அவர் பார்க்கவில்லை. கரைக்கும் அலைக்கும் பொருந்திய முழுமையான கருவியாகவே ஆராய்ந்தார். ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே இந்தச் சொல் இடம்பெற்றுவிட்டது. இன்று உலகம் ‘கற்றமரான்’ என்று சொல்வது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகை. சொல்லை எடுத்துக்கொண்டார்கள், பொருளை மாற்றிவிட்டார்கள்.

அலையை எண்ணுதல்

தெப்பத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. அதனால் அது நிரம்பித் தாழாது. மேலே விழுந்த தண்ணீர் மரங்களின் இடுக்கால் வடிந்துவிடும். அடியில் ஏராக்கட்டை இல்லை, ஆகவே மணலில் வழுக்கி ஏறும். கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். உள்கூடு உள்ள படகு அலைக்குள் அகப்பட்டால் நீர் நிறைந்து முடிந்துவிடும்.

ஆனாலும் கலம் மட்டும் போதாது. அலை எங்கே உடையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆழ்கடலில் உருண்டு வரும் அலை, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் அடி இடறி முன்னால் மடிந்து விழும். ஒரு மீற்றர் உயர அலை ஒரு மனிதனின் நெஞ்சளவு ஆழத்தில் உடையும். பெரிய அலை இன்னும் வெளியிலேயே உடைந்துவிடும். எனவே கடல் பெருக்கும் நாளில் உடையும் வரிசை கரையிலிருந்து தள்ளிப் போகும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். அலைகள் ஒரே அளவில் வருவதுமில்லை. சில பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறிது நேரம் தணியும். இதை விஞ்ஞானம் அலைக்கூட்டம் என்கிறது. தெப்பக்காரருக்கு இது கண்ணறிவு.

எனது வாப்பா விடியற்காலையில் தண்ணீரூற்றிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக் கரைக்குப் போய் மீன் வாங்கி ஊர் ஊராக விற்றவர். தெப்பங்கள் வெளியே காத்து நிற்பதைப் பார்த்து, ஏன் இன்னும் வராமல் நிற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். கரையில் இருந்த முதியவர் சொன்ன பதிலை அவர் வீட்டில் பலமுறை சொல்லிக் காட்டுவார்: “நானா, கடல் எப்பவும் ஒரே மாதிரி அடிக்காது. மூண்டு நாலு பெரிசு வந்தாப் பிறகு ஒருக்கா ஓயும். அந்த ஓய்வைப் பிடிக்கத் தெரிஞ்சவன்தான் தெப்பக்காரன். கைப்பலமெல்லாம் பிறகுதான்.”

போகும்போது அணியத்தை அலைக்கு நேரே பிடித்து, இடுப்பளவு நீர் வரை தள்ளிச் சென்று ஏறி, முழந்தாளில் இருந்தபடி துடுப்பால் வலிப்பார்கள். துடுப்பைச் சவள் என்றும் சொல்வதுண்டு. திரும்பும்போதுதான் ஆபத்துக் கூட. உடையும் வரிசைக்கு வெளியே நின்று, முதுகுப் பக்கம் கடலைப் பார்த்து, கடைசிப் பெரிய அலையைப் போகவிட்டு, அதன் பின்னாலேயே வேகமாக வலித்து வர வேண்டும். பின்னால் இருப்பவர் துடுப்பைச் சுக்கானாக அழுத்தித் தெப்பத்தை நேராக வைத்திருக்க வேண்டும். சற்றே குறுக்காகத் திரும்பினால் அடுத்த அலை உருட்டிவிடும். மரத்துக்கும் மணலுக்கும் நடுவில் ஆள் அகப்பட்டால் உயிர் தப்புவது கடினம். நாள் முழுதும் நடுக்கடலில் பிழைத்தவர் கரைக்கு ஐம்பது யார் தூரத்தில் இறந்த கதை இந்தத் தொழில் நடக்கும் கரை எங்கும் உண்டு.

இப்னு பதூதாவின் இரவு

இந்த அரை மைலைப் பற்றி நமது சொந்த நூல்களில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் பாவா ஆதம் மலைக்குப் போனதையும் நாம் அடிக்கடி எழுதுகிறோம். அதற்கு அடுத்து அவர் சொல்வதை ஏனோ விட்டுவிடுகிறோம்.

புத்தளத்திலிருந்து மஃபருக்கு, அதாவது தமிழகக் கரைக்கு, அவர் கப்பலேறினார். காற்று முரண்டியது. தேர்ந்த மாலுமி கப்பலில் இல்லை. பாறைகளைத் தப்பி, ஆழம் குறைந்த நீரில் கப்பல் தட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். கரை ஏறத்தாழ ஆறு மைல். கப்பலாட்கள் மரங்களைக் கொண்டு ஒரு தெப்பம் செய்தார்கள். இப்னு பதூதா தன்னோடு இருந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, தான் கப்பலின் பின்புறத்தில் இராத்தங்கினார். காலையில் கரைவாசிகள் தங்களுடைய படகில் வந்து அவரைக் கரை சேர்த்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். அவர்களின் பெயரை அவர் எழுதவில்லை.

மஃபர் என்ற அறபுச் சொல்லுக்குக் கடக்கும் இடம் என்று பொருள். தமிழ்க் கரைக்கு அறபியர் வைத்த பெயர் இதுதான். உலகத்தைச் சுற்றிய அந்தப் பயணி, கடக்கும் இடம் என்று பெயர் பெற்ற கரைக்கு வந்து, கடக்க முடியாமல் ஓர் இரவு காத்திருந்தார். காலையில் கடத்தி வைத்தவர்கள் பெயர் தெரியாத கரையோர மக்கள். எனது பார்வையில் நமது கடல் வரலாற்றின் மையமான காட்சி இது.

இன்னொரு செய்தியும் அதே நூலில் உண்டு. இந்தியாவிலும் யெமனிலும் கப்பல் பலகைகளைத் தென்னந் தும்புக் கயிற்றால் தைப்பதன் காரணத்தை அவர் விளக்குகிறார். இந்தக் கடலில் பாறை அதிகம், ஆணி அடித்த கலம் மோதினால் உடையும், தைத்த கலம் நெளிந்து கொடுக்கும் என்கிறார். அறபுக் கப்பலைத் தைத்த கயிறும் தெப்பத்தை வரிந்த கயிறும் ஒரே தென்னையின் தும்பு. நெளிந்து கொடுப்பது பலவீனமல்ல என்பது இரண்டு தொழிலாளருக்கும் தெரிந்திருந்தது.

இந்த உறவு ஒரு பயணியின் கதையோடு முடியவில்லை. ஒரு பெரிய நகரமே இதன்மேல் நின்றிருக்கிறது. 1639இல் ஆங்கிலேயர் குடியேறிய சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை துறைமுகம் இல்லை. கப்பல்கள் வெளியே நிற்கும். ஆட்களும் பொதிகளும் தைத்த மசூலாப் படகில் அலை தாண்டுவார்கள். படகு கவிழ்ந்தால் எடுத்து விடுவதற்காகக் கட்டுமரங்கள் பக்கத்தில் வரும். மசூலாவும் இறங்க முடியாத நாளில், நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர் கப்பலுக்குப் போவார். சென்னையின் இரண்டு நூற்றாண்டு வாணிபம் அந்தத் தொப்பிக்குக் கீழேதான் நடந்தது.

எஞ்சினும் எண்ணெயும்

சுதந்திரத்தின் பின் இலங்கை மீன்பிடித் தொழிலில் எஞ்சின் வந்தது. கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் பரவப் பரவத் தெப்பம் ஏழையின் தொழிலாக ஒதுங்கியது. அரச புள்ளிவிபரத்தில் அது இயந்திரமில்லாத பாரம்பரியக் கலம் என்ற ஒரு நிரலாகச் சுருங்கிற்று. ஆனால் எஞ்சின் எண்ணெயை நம்பி நிற்பது. யுத்த காலத்தில் வன்னிக்கு எரிபொருள் தடைப்பட்டது, கடலுக்கும் பல கட்டுப்பாடுகள் வந்தன. அப்போது எண்ணெய் கேட்காத துடுப்பே சோறு போட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக ஏறியபோது, பழைய பாடத்தை நாடு முழுவதும் உள்ள மீனவர் மீண்டும் படித்தனர்.

துறைமுகம் கட்டினால் எல்லாம் தீரும் என்று நினைப்போரும் உண்டு. நமது மக்கள் செறிந்து வாழும் ஒலுவிலைப் பார்த்தால் போதும். 2013இல் அங்கே துறைமுகம் திறந்தார்கள். கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. ஒரு பக்கம் துறைமுக வாயை மணல் மூடியது. மறுபக்கம் ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் சாய்ந்தன, தோணி ஏற்ற இடமில்லாமல் போனது. மணற்கரையின் இயல்பை மாற்ற நினைத்த திட்டம் தோற்றுவிட்டது. அந்த இயல்புக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொண்ட தெப்பம் நூற்றாண்டுகளாக நின்றிருக்கிறது.

1990, 2009

முல்லைத்தீவு முஸ்லிம்களில் பெரும்பாலோர் வயலையும் வியாபாரத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற ஊர்களுக்கும் கரைக்கும் நடுவில் நெல்லும் மீனும் மாறின, கடனும் நம்பிக்கையும் மாறின. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எங்களுடைய ஊர்களும் காலியாகின. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது நாங்கள் அங்கே இல்லை. 2009இலும் இல்லை.

அந்த ஆண்டு பெப்ரவரியிலிருந்து மே வரை அந்த மணற்கரையில் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தனர். தரைவழி மூடியிருந்தது. காயப்பட்டவர்களை ஏற்றவும் உணவும் மருந்தும் இறக்கவும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அமர்த்திய ‘கிறீன் ஓஷன்’ கப்பல் வந்தது. துறைமுகம் இல்லாத கரை ஆகையால் கப்பல் வெளியே நின்றது. காயப்பட்டவர்களைச் சிறிய மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, உடையும் அலைக்கூடாகக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் புதுமாத்தளனிலும் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் இது நடந்தது. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை ஏறத்தாழ 14,000 காயக்காரரும் நோயாளரும் அவர்களின் உறவினரும் இந்த வழியால் வெளியேறினர். எறிகணை விழும் கரையில், இரத்தம் கசியும் உடல்களை வைத்துக்கொண்டும் அலையின் ஓய்வுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே ஓடியவை எஞ்சின் பூட்டிய படகுகளாக இருக்கலாம். அலையை எண்ணிய கண் பழைய தெப்பக்காரரின் கண்தான்.

1344இல் ஒரு பயணியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கடத்தினார்கள். 2009இல் ஆயிரக்கணக்கானோரைக் கரையிலிருந்து கப்பலுக்குக் கடத்தினார்கள். இரண்டிலும் கடத்தியவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை.

யுத்தம் முடிந்த பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய நமது குடும்பங்களும், முகாம்களிலிருந்து கரைக்குத் திரும்பிய மீனவக் குடும்பங்களும் இன்று ஒரே சந்தையில் நிற்கின்றன. அவர்கள் 1990ஐப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாம் 2009ஐப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரண்டு மௌனங்களையும் ஒரே நாளில் உடைக்க யாராலும் முடியாது. ஆனால் கடலைப் பற்றிக் கேட்கலாம். தொழில் பற்றிய கேள்விக்கு மனிதர் மனம் திறந்து பதில் சொல்வார்கள்.

இதை நமது ஆய்வு மாணவர்கள் ஒரு பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா, எருக்கலம்பிட்டி ஆகிய ஊர்களில் நமது மீனவர்களே இருக்கிறார்கள். முல்லைத்தீவில் நமது அயலவர் இருக்கிறார்கள். கலத்தின் உறுப்புகளுக்கும், காற்றுக்கும், அலைக்கும், கயிற்று முடிச்சுக்கும் இந்த இரண்டு சாராரும் வழங்கும் சொற்களை ஊர் ஊராகப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தெந்தச் சொல் அறபியிலிருந்து அவர்களுக்குப் போனது, எந்தெந்தச் சொல் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது என்பது அப்போது தெரியவரும். தெப்பத்தில் துடுப்பு வலித்த கடைசித் தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மரைக்காயரின் மரக்கலத்தைப் பற்றி நாம் எழுதியது போதிய அளவு இருக்கிறது. அந்த மரக்கலத்திலிருந்து நம் மூதாதையரை இறக்கிவிட்ட கட்டுமரத்தைப் பற்றி எழுத இனியும் தாமதிக்கக் கூடாது.